பந்த்நகர் எவ்வளவு தூரம்?

ஜூன் பிறந்தாலே எங்க பக்கம் ரெண்டு பேச்சுதான். வாய்க்கால்ல தண்ணி எப்ப விடுவாங்க? புள்ளைய எங்க சேர்க்கறது? முதல் கேள்விக்குப் பவானிசாகர் அணைதான் பதில் சொல்லணும். ரெண்டாவது கேள்விக்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் யாரோ ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தை முடிவு பண்ணிக் கொடுத்துவிடுவோம்.

இந்த வருஷம் பெஞ்சுக்கு வந்த கேள்வி கொஞ்சம் புதுசு. பங்காளி முறையில் எனக்குத் தம்பி ஒருத்தர். ஒன்றரை ஏக்கர் வாய்க்கால் பாசனம், ரெண்டு மாடு. அவர் பொண்ணு பிளஸ் டூ முடித்திருக்கிறது. பி.எஸ்.சி. விவசாயம்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். டீச்சர் சொன்னார் என்று சியூஇடி தேர்வையும் எழுதி வைத்திருக்கிறது. ஐ.சி.ஏ.ஆர்., அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், நாட்டில் உள்ள வேளாண் பல்கலைக்கழகங்களின் இளங்கலை இடங்களில் ஒரு பகுதியை அந்தத் தேர்வின் மூலம் நிரப்புகிறது. வந்திருக்கும் மதிப்பெண்ணுக்கு உத்தராகண்டில் இருக்கும் பந்த்நகர் கிடைக்கலாம் என்கிறார் டீச்சர்.

நம்ம கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளில் இடம் கிடைப்பது சந்தேகம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதத்திலும் வராது, ஏன்னா படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. (அந்தப் பள்ளியில் படிப்பதும் கூலிக்காரர், குறுவிவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனா சட்டத்துக்கு அது வேற, இது வேற.) மிச்சம் இருப்பது பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் வேளாண் கல்லூரி. ஹாஸ்டலோடு சேர்த்து நாலு வருஷத்துக்கு அவர்கள் சொன்ன தொகையை எங்க ஊர்க் கணக்கில் சொன்னால் வாய்க்கால் பாசன பூமியில் கால் ஏக்கர். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் கால் ஏக்கரை விற்று மகளுக்கு விவசாயம் படிக்க வைப்பது என்றால், அந்தப் பொண்ணு படித்துவிட்டு எந்த நிலத்தைப் பார்க்கும்?

"அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று தம்பி கேட்டார். சொன்னேன். சொன்னதில் பாதிப் பேருக்கு வருத்தம். அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

என் கட்சி இதுதான். கோயமுத்தூர், மதுரை, கிள்ளிகுளம் மாதிரி நம்ம பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் இங்கேயே சேருங்க. கிடைக்காவிட்டால், நிலத்தை அடமானம் வைத்துத் தனியாருக்குப் போவதைவிட, வெளி மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்க.

சென்னையில் இருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "இதில் என்னய்யா பெரிய விஷயம், அனுப்ப வேண்டியதுதானே, உலகம் பெரிசு" என்கிறார்கள். உங்களுக்குச் சுலபம். டெல்லியில் ஒரு சித்தி, நொய்டாவில் ஒரு கிளாஸ்மேட், அவசரம் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போனிலேயே விமான டிக்கெட். எங்க ஊரிலோ, "பொட்டப் புள்ளைய அத்தன தூரமா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நகரத்துக்காரர் பல்கலைக்கழகத்தின் பேரைப் பார்க்கிறார், கிராமத்துக்காரர் கிலோமீட்டரைப் பார்க்கிறார். அங்கே அந்தப் பிள்ளை தினசரி என்ன செய்யும், என்ன பேசும், என்ன தின்னும், என்ன கற்றுக்கொண்டு வரும் என்று ரெண்டு பேருமே பார்ப்பதில்லை.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் அதுதான். 1960 நவம்பர் 17ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். அப்போது அது உத்தரப் பிரதேசம். அமெரிக்காவில் 1862இல் ஒரு சட்டம் போட்டு, மாநிலங்களுக்கு அரசு நிலத்தைக் கொடுத்து, அந்த வருமானத்தில் விவசாயமும் தொழிலும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளைத் தொடங்க வைத்தார்கள். அந்த மாதிரியை வைத்து, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு கட்டியதுதான் பந்த்நகர். பாடம், ஆராய்ச்சி, விவசாயியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. 1971இல் நம்ம கோயமுத்தூர் வேளாண் கல்லூரி பல்கலைக்கழகமாக மாறியதும் இதே வழியில்தான். ஆக, அது நமக்கு அந்நியம் இல்லை. ஒரே நாற்றங்காலில் பிடுங்கி வேற வேற வயலில் நட்டது.

வளாகம் மட்டும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல். படிக்கும்போது எனக்கே புரியவில்லை. எங்க கிராமத்தையும் சுற்றியுள்ள நாலைந்து கிராமத்தையும் சேர்த்தால்தான் அந்த அளவு வரும். அது இருக்கும் இடத்துக்குத் தராய் என்று பெயர். இமயமலை அடிவாரத்துச் சமவெளி. ஒரு காலத்தில் காடும் சதுப்பும் மலேரியாவுமாக ஆள் தங்க முடியாமல் கிடந்த பூமி. சுதந்திரத்துக்குப் பிறகு காட்டைத் திருத்தி, பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்தவர்களைக் குடியேற்றினார்கள். அங்கே சில இடங்களில் போர் போட்டால் மோட்டார் இல்லாமலேயே தண்ணீர் தானாக மேலே வருமாம். ஆயிரம் அடி போட்டும் புகைதான் வருகிறது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் எங்க மேட்டாங்காட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்க. அடிக்க வருவார்கள்.

இங்கேதான் நியாயமான ஒரு கேள்வி வருது. இன்ஜினியரிங் எங்கே படித்தாலும் இன்ஜினியரிங்தான். விவசாயம் அப்படியா? மண்ணும் தண்ணியும் மாறினால் பாடமே மாறாதா? கோதுமை விதைத்து 21ஆம் நாள் முதல் தண்ணி கட்டணும், அப்போதுதான் முடிவேர் பிடிக்கும் என்று அங்கே மனப்பாடமாகச் சொல்லித் தருவார்கள். கோபியில் அதை வைத்து என்ன செய்ய? மஞ்சளில் கிழங்கழுகலுக்கு என்ன செய்யணும், தென்னைக்கு வேரூட்டம் எப்படிக் கொடுக்கணும், நேந்திரனுக்கு எப்போது முட்டுக் கொடுக்கணும் என்பதெல்லாம் அங்கே யார் வயலில் பார்ப்பது?

சரியான கேள்விதான். ஆனா ஒரு கதை சொல்றேன். தராய்ப் பகுதியில் நெல் நட்ட கொஞ்ச நாளில் இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகி, பயிர் வளராமல் குட்டையாக நின்றுவிடும். அந்த ஊரில் அதற்கு 'கைரா' என்று பெயர். ஏதோ பூஞ்சாணமோ வைரஸோ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1966இல் பந்த்நகரில் இருந்த டாக்டர் நெனே என்ற பயிர் நோயியல் நிபுணர், இது நோயே இல்லை, மண்ணில் துத்தநாகம் பத்தவில்லை, அவ்வளவுதான் என்று கண்டுபிடித்தார். இன்றைக்கு நாம் நடவுக்கு முன்னாடி ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து வீசுகிறோமே, கடைக்காரர் "ஜிங்க் போட்டாச்சா?" என்று கேட்கிறாரே, அந்த ஜிங்க் கதையின் இந்திய அத்தியாயம் தொடங்குவது பந்த்நகர் வயலில்தான். தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் என் நெல்லுக்கும் அந்தப் பத்தாயிரம் ஏக்கருக்கும் அப்படி ஒரு தாய்ப்பால் உறவு.

அதனால், பயிர் மாறும், பார்க்கும் முறை மாறாது என்பது என் எண்ணம். மண்ணை எப்படிப் பரிசோதிப்பது, ஒரு ரகத்தை எப்படிக் கலப்பு செய்து எடுப்பது, வயலில் பாத்தி பிரித்து ஒரு மருந்து வேலை செய்ததா இல்லையா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது, இதெல்லாம் தராயில் படித்தாலும் கோபிக்கு உதவும். மஞ்சளை அந்தப் பொண்ணுக்கு யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வயசிலிருந்து பாட்டியோடு வேகவைத்துக் காயப்போட்டு வளர்ந்த பிள்ளை.

இன்னொன்றும் இருக்கு. எங்க பகுதி விவசாயிகளுக்கு எங்க பகுதி விவசாயம் மட்டும்தான் தெரியும். பக்கத்து வயல்காரன் என்ன மருந்து அடித்தானோ அதைத்தான் நாமும் அடிக்கிறோம். வேற மாதிரி ஒரு விவசாயத்தை நாலு வருஷம் கண்ணால் பார்த்த ஆள் ஒருத்தர் ஊருக்குள் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று நாம் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அடுத்தது மொழி. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். கிலோமீட்டர்கூட இல்லை.

வருஷா வருஷம் எங்க ஊருக்கு வேளாண் கல்லூரி மாணவிகள் பத்துப் பேர் வந்து தங்குவார்கள். கிராமத் தங்கல் திட்டம் என்று சொல்வோம். கடைசி வருஷத்தில் சில மாசம் ஒரு கிராமத்தில் வீடெடுத்துத் தங்கி, விவசாயிகளோடு பழகி, பார்த்து, எழுதிக் கொடுக்கணும். கோயில் திடலில் கோலப்பொடியால் ஊரின் படத்தையே வரைவார்கள். இது வாய்க்கால், இது குளம், இது பள்ளிக்கூடம், இது கருவேலங்காடு என்று. கிழவிகள் சுற்றி நின்று, "ஏம்மிணி, அந்த முக்குல ஒரு கிணறு இருக்கு, அத உட்டுட்டயே" என்று திருத்துவார்கள். இனக்கவர்ச்சிப் பொறி எப்படிக் கட்டுவது, சூடோமோனாஸில் விதை நேர்த்தி எப்படி என்று செய்து காட்டுவார்கள். நாங்களும் தெரிந்ததையே தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டிருப்போம், பாவம் மார்க் போடணுமே.

போன வருஷம் வந்த குழுவில் ஒரு பெண், வேற மாநிலத்துப் பிள்ளை. ஐ.சி.ஏ.ஆர். ஒதுக்கீட்டில் இங்கே வந்து சேர்ந்தது. முதல் வாரம் அது ஒரு மூலையில் நிற்கும். தோழிகள் கேட்பதை நோட்டில் எழுதும். மூன்றாம் வாரம் எங்க அம்மாவிடம் வந்து, "பாட்டி, நாத்து எத்தன நாள்?" என்று கேட்டது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அரை மணி நேரம் நாற்றங்கால் புராணம் சொன்னார். அந்தப் பிள்ளைக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனா அந்த அரை மணி நேரத்தில் கற்றது புத்தகத்தில் கிடைக்காது.

நம்ம பொண்ணு பந்த்நகரில் அந்த மூலையில் நிற்கப் போகும் பெண். வகுப்பு இங்கிலீஷில் நடக்கும், அது சமாளித்துவிடலாம். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் வருஷம் அதுவே மலைதான், ஆனா ஏறிவிடும். ஹாஸ்டல், மெஸ், கடை, பஸ், கடைசி வருஷம் கிராமம் எல்லாம் இந்தி. அங்கே ஒரு விவசாயியிடம் போய், "அய்யா, போன போகம் எவ்வளவு கண்டது?" என்று கேட்கத் தெரியாவிட்டால், விவசாயப் படிப்பில் பாதி போச்சு.

நான் இந்தித் திணிப்பை எதிர்க்கிற ஆள். இப்பவும் எதிர்ப்பேன். 2022 ஏப்ரலில் இந்த சியூஇடி தேர்வை எதிர்த்து நம்ம சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டதும் சரி என்பவன். பன்னிரண்டு வருஷம் ஒரு பாடத்திட்டத்தில் படித்துவிட்டு என்சிஇஆர்டி புத்தகத்தில் கேள்வி கேட்டால் நம்ம பிள்ளைகள் எங்கே போகும்? ஆனா தேர்வு இருக்கிறது, தமிழிலேயும் எழுதலாம், இந்தப் பிள்ளை எழுதி மார்க்கும் வாங்கிவிட்டது. வாங்கிய பிறகு கொள்கை பேசி வீட்டில் உட்கார வைப்பது யாருக்கு லாபம்? அதே மாதிரி, பிழைக்கப் போகும் ஊரின் மொழியைக் கற்றுக்கொள்வது வேற, திணிப்பு வேற. எங்க பக்கம் நடவுக்கு வரும் வங்காளத்து ஆட்களைப் பாருங்க. ஒரு போகத்தில் நாத்து, வரப்பு, கூலி, சாயந்திரம் எல்லாம் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குப் பரீட்சை வைக்கவில்லை. பெருந்துறை, திருப்பூர்ப் பக்கம் பீகார்ப் பையன் நம்மளவிட நல்லாத் தமிழில் பேரம் பேசுகிறான். அவன் செய்ததை நம்ம பொண்ணு செய்ய முடியாதா?

ஆக, மொழி ஒரு தடை என்றால் உழைத்தால் தாண்டக்கூடிய தடை. ஆனா தாண்டணும். "எல்லாம் இங்கிலீஷ்ல சமாளிச்சுக்கலாம்" என்று தைரியம் சொல்பவர்களை நம்பாதீங்க. அப்படிச் சமாளித்த பிள்ளைகள் நாலு வருஷமும் ஹாஸ்டல் அறைக்குள் நாலு தமிழ்ப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவார்கள். அதற்கு அத்தனை தூரம் எதற்கு?

பணக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாறும், வருஷா வருஷமும் மாறும். தம்பியும் நானும் உட்கார்ந்து கட்டணம், ஹாஸ்டல், மெஸ், வருஷத்துக்கு ரெண்டு முறை ரயில் எல்லாம் போட்டுப் பார்த்ததில் அந்தத் தனியார் கல்லூரி சொன்னதில் பாதியை ஒட்டித்தான் வந்தது. இந்தத் தேர்வு மூலம் சொந்த மாநிலம் தாண்டிப் போய்ச் சேரும் பிள்ளைகளுக்கு ஐ.சி.ஏ.ஆர். மாசாமாசம் ஓர் உதவித்தொகையும் தருகிறது. வெளியே போவதற்கென்றே தரும் பணம் அது. படிப்பை ஒழுங்காகப் படித்தால்தான் தொடரும்.

ஆனா இங்கே விட்டுவிட்டுப் போவதும் உண்டு, அதையும் கணக்கில் வைக்கணும். நம்ம 69 சதவீத இடஒதுக்கீடு மாநில எல்லையைத் தாண்டாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் தனியாக இருக்கிறது அல்லவா, 2020இல் வந்த திருத்தப்படி பள்ளியிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்கணும். பந்த்நகரில் பட்டம் வாங்கினால், பட்டப்படிப்பு கேட்கும் வேலைகளில் அந்தக் கதவு சாத்திவிடும். நம்ம வேளாண் பல்கலைக்கழகம் 2021 முதல் தமிழ்வழியில் விவசாயப் பட்டம் நடத்துகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்க. வேளாண்மை அலுவலர் என்று உள்ளூர் வேலை மட்டுமே குறி என்றால் இது சின்ன இழப்பு இல்லை. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலை, முதுகலைக்கான அகில இந்தியத் தேர்வு என்று பார்க்கிற பிள்ளைக்கு இந்த இழப்பு பெரிசாகத் தெரியாது. வடக்கே இந்தப் பெரிய பல்கலைக்கழகங்களில் சீனியர் பிள்ளைகள் முதல் வருஷத்திலிருந்தே அந்தத் தேர்வுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். நல்ல சகவாசம் பாதிப் படிப்பு.

"இளங்கலையை இங்கே முடி, முதுகலைக்கு வெளியே போ" என்று ஒரு வாதம் உண்டு. ஓய்வு பெற்ற வேளாண் இணை இயக்குநர் ஒருத்தர் என்னிடம் அழுத்திச் சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதனையே எடுத்துக்காட்டினார். 1944இல் கோயமுத்தூரில் விவசாயப் பட்டம், 1947இல் டெல்லி பூசா, அப்புறம் நெதர்லாந்து, கேம்பிரிட்ஜ். சொந்த மண்ணில் கால் ஊன்றிய பிறகு வெளியே போனார். இந்த வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கோயமுத்தூரில் இடம் கிடைக்கிற பிள்ளைக்கு நானும் இதையேதான் சொல்வேன். ஆனா நம்ம பொண்ணுக்கு முன்னால் இருப்பது கோயமுத்தூரா பந்த்நகரா என்ற கேள்வி இல்லையே. ரெண்டாவது ரகத் தனியாரா பந்த்நகரா என்பதுதான் கேள்வி. பெரியவர்கள் ஆலோசனை சொல்லும்போது இல்லாத ஒரு சீட்டை மனசில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

தனியார் கல்லூரி எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்லதும் இருக்கும். போய்ப் பார்க்கணும். இந்தக் கல்லூரிக்கு நானும் தம்பியும் போனோம். கட்டடம் பளபள என்று இருந்தது. வயல் எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினார்கள். கொஞ்சம் மக்காச்சோளம், ஒரு நிழல்வலைக் குடில், அதற்குள் வாடிய தக்காளி. சொட்டுநீர்க் குழாய் சுருட்டி வைத்தபடியே இருந்தது. விவசாயக் கல்லூரியை எடைபோட எங்களுக்கு என்ஐஆர்எப் தரவரிசை வேண்டாம், வயலைப் பார்த்தால் போதும். உங்களுக்கு ஒரு யோசனை: எந்த வேளாண் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தாலும், அதற்கு ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்க. பின்னாடி ஐ.சி.ஏ.ஆர். வழியாக முதுகலை போக நினைக்கும்போது அது இல்லாவிட்டால் கதவு திறக்காது. வாய்ப்பேச்சில், "அதெல்லாம் வந்துரும் சார்" என்பார்கள். வரும்வரைக்கும் நம்ம பிள்ளை காத்திருக்க முடியாது.

இனி தூரம். ஈரோட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் ரயிலிலேயே ரெண்டு ராத்திரி, மூன்றாம் நாள் மதியம் போல டெல்லி. அங்கிருந்து இன்னும் 250 கிலோமீட்டர். வீட்டு வாசலிலிருந்து ஹாஸ்டல் வாசல் வரை மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்க. பொங்கலுக்கு வர முடியாது. ஆடிக்கு வர முடியாது. ஜனவரியில் பனிமூட்டம் இறங்கினால் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்தக் குளிர் நம்ம மார்கழிக் குளிர் இல்லை. எங்க வீட்டில் கம்பளி என்பது ஊட்டிக்குப் போனால் வாங்கிவந்து பீரோவில் பூட்டி வைக்கும் பொருள். அரிசிச்சோறும் ரசமும் இல்லாமல், சப்பாத்தியும் ராஜ்மாவும் நாலு வருஷம். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீங்க. பிள்ளைகள் பாதியில் திரும்பி வருவது பாடம் கஷ்டம் என்பதால் மட்டும் இல்லை. சாப்பாடு, குளிர், பேச ஆள் இல்லாதது, இந்த மூன்றும் ஒரே மாசத்தில் சேர்ந்து அடிக்கும். முதல் தீபாவளியைத் தாண்டிவிட்டால் அப்புறம் பயம் இல்லை.

பொண்ணின் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காச்ச கண்டா யாரு மாமா பாப்பாங்க?" இதற்குத் தத்துவம் பேசக் கூடாது. வளாகத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சொன்னேன். அவர் கேட்டது ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லை என்று எனக்கும் தெரியும். கஞ்சி வைத்துக் கொடுக்க, நெற்றியைத் தொட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரூம்மேட் என்று ஒரு பிள்ளை இருக்கும், அதுவும் ஏதோ ஒரு ஊரில் ஓர் அம்மா பெற்ற பிள்ளைதான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

தம்பியிடம் தனியாக ரெண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, கோயமுத்தூரிலிருந்து டெல்லிக்கு நேர் விமானம் இருக்கிறது. போய்வர ஒரு டிக்கெட் காசை எப்பவும் தொடாமல் பேங்கில் போட்டு வை. கறவை மாட்டை வித்தாவது போடு. பணம் இல்லாததால் போக முடியவில்லை என்ற நிலைமை ஒருநாளும் வரக் கூடாது. ரெண்டு, பிடிக்கவில்லை என்று பிள்ளை திரும்பி வந்தால் ஊரில் ஒரு பயலும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, முதலில் நீ கேட்கக் கூடாது. திரும்பி வரலாம் என்று தெரிந்த பிள்ளைதான் தைரியமாகப் போகும், அனேகமாகத் திரும்பி வராமல் படித்தும் முடிக்கும்.

பெஞ்சில் ஒருத்தர் கேட்டார்: "அங்க போய்ப் படிச்சா அந்தப் புள்ள திரும்ப இந்த ஊருக்கு வருமாங்க?" வராமல் போகலாம். ஏதாவது விதைக் கம்பெனியில், வங்கியில், ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்துவிடலாம். ஆனா கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்த எங்க ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? நாற்பது கிலோமீட்டரோ நானூறோ, போகிறவன் போய்க்கொண்டுதான் இருக்கிறான். விவசாயம்தான் படிப்பேன் என்று அடம் பிடித்த ஒரே பிள்ளை இது. இது வராதா, வருமா என்ற சந்தேகத்தில் அதன் படிப்பைக் குறைப்பது விதைநெல்லைச் சமைத்துத் தின்பது மாதிரி இருக்கு எனக்கு.

இப்போதைக்கு நடப்பது இது. கலந்தாய்வு இன்னும் தொடங்கவில்லை. தம்பி மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை நடந்துவிட்டார். மாநிலச் சான்றிதழ் கையில் இருந்தாலும் அது செல்லாது, தனியாக வாங்கணும். யாராவது இந்த வழியில் யோசிப்பதாக இருந்தால் அதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்க. பொண்ணு சாயந்திரம் ஆனால் அரிசி ஆலையில் வேலை செய்யும் பீகார்க் குடும்பத்து வீட்டுக்குப் போய் அந்த அக்காவிடம் இந்தி பேசிப் பழகுகிறது. அந்த அக்காவுக்கு இது தமிழ் கற்றுத் தருகிறது. கூலி கிடையாது, முருங்கைக்காய்தான்.

படிப்பவர்களில் யாருக்காவது பந்த்நகரில் படித்த, இப்போது படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளைத் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்க. அம்மா நேற்று ராத்திரி வந்து திண்ணையில் உட்கார்ந்து, ஜனவரிக்கு எத்தனை கம்பளி வேணும், இங்கேயே வாங்குவதா அங்கே போய் வாங்குவதா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார்.